கட்டடம் பிறகு, முதலில் படிப்பகம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து நாளாகிறது. பதில் எழுதத் தாமதமானதற்கு ரப்பர்தான் காரணம். தை முடிந்து புதுத் தளிர் விட்டதும் எங்கள் பக்கம் ஒருவருக்கும் ஓய்வில்லை. ரப்பர் இலைக்காம்பில் மூன்று இலையும் சேருகிற இடத்தில் தேன் சுரக்கும், பூவே தேவையில்லை. மாசி, பங்குனி முழுக்கத் தேனீப் பெட்டிகளைத் தோட்டம் தோட்டமாக ஏற்றி இறக்கி, தேன் பிழிந்து, அப்படியே நாள் போய்விடும். அண்ணன் மகளுக்குப் பேறுகாலம் நல்லபடி முடிந்தது, பெண் பிள்ளை. அம்மாவுக்கு முட்டுவலி பழையபடிதான்.

ஓய்வு பெற்றபின் ஊருக்கு வந்து குலசேகரம் பக்கத்தில் உள்ள உன் தோட்டத்து விளையில் ஒரு பயிற்சி மையம் கட்டப் போவதாக எழுதியிருந்தாய். இளைஞர்கள், விவசாயிகள், பள்ளிக்கூடம் போகாத பெரியவர்கள், மூன்று கூட்டத்துக்கும் ஒரே இடம். படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் கட்டடத்தில் தொடங்காதே. உன் சேமிப்பு முழுக்கச் சுவரிலும் கூரையிலும் போய்விடும், அதற்குப் பிறகு ஆட்களைத் தேடி நீ அலைய வேண்டியிருக்கும். நம் ஊர்களில் படிப்பகம் இல்லாத மூலை எது? பெஞ்சும் விளக்கும் இருக்கின்றன, நாலு செய்தித்தாள் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே வர யாரும் கூச்சப்படுவதில்லை.

எங்கள் படிப்பகத்தில் நடப்பதைச் சொல்கிறேன். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் எழுந்து மரப்பட்டையைக் கீறி, சிரட்டையில் விழுந்த பாலை எடுத்து, ஷீட் அடித்துக் காயப்போட்டு வர மத்தியானம் ஆகிவிடும். அவர்களைக் காலை பத்து மணிக்கு வகுப்புக்கு வா என்றால் எப்படி வருவார்கள்? அது அலுவலகத்துக்கு வசதியான நேரம். நாங்கள் சாயங்காலம் நாலு மணிக்கு வைத்தோம், அதுவும் வாரத்தில் ஒரு நாள்தான். கூலி போகாத நேரம் என்பதால் வருகிறார்கள். பெண்கள் கைப்பிள்ளையோடு வருகிறார்கள்.

தேனீ வளர்ப்பில் நான் கண்டதுதான் உனக்கு ரொம்பப் பயன்படும் என்று நினைக்கிறேன். இலவசப் பயிற்சிகள் நிறைய நடக்கின்றன. நாலைந்து நாள் வகுப்பு, சாப்பாடு, கடைசியில் சான்றிதழ், சில இடங்களில் பெட்டியும் கூடும்கூடக் கொடுக்கிறார்கள். கொடுப்பது தேன் காலத்தில் அல்லது அதற்குச் சற்று முன்னால். கூடு தானாகவே நன்றாக இருக்கிற காலம் அது. கஷ்டம் வருவது ஆனி, ஆடியில். தென்மேற்கு மழை கொட்டும், வெளியே தேனும் இருக்காது, மகரந்தமும் இருக்காது. ஈ மெலியும், அடையில் மெழுகுப்பூச்சி ஏறும், ஒரு நாள் காலையில் பார்த்தால் கூடு காலி. அந்த நேரத்தில் சீனிக் கரைசல் எவ்வளவு வைக்க வேண்டும், ஈ இல்லாத அடைகளை எப்போது எடுத்துவிட வேண்டும், எறும்பு ஏறாமல் பெட்டியின் தாங்கு காலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்க யாரும் பக்கத்தில் இருப்பதில்லை. ஆவணியில் காலிப் பெட்டி விறகுப்புரைக்குப் போகும். பயிற்சிக்குப் போன பையன் 'தேனீ நமக்குச் சரிப்படாது' என்று சொல்லிவிட்டு வளைகுடாவுக்கு விண்ணப்பம் போடுவான். அவன் மேல் என்ன தப்பு இருக்கிறது, மக்கா?

ஆகவே எங்கள் முக்கியமான பாடமே ஆடி மாதத்தில்தான். குடையும் சீனிப் பாத்திரமுமாக ஒவ்வொருவர் விளைக்கும் போவோம். பெட்டியைத் திறக்கிறபோது ராணி இருக்கிறதா, முட்டை தெரிகிறதா என்று அவர்களையே பார்த்துச் சொல்லச் சொல்வேன். ஐப்பசிக்குப் பிறகு ஒரு கூட்டை இரண்டாகப் பிரிக்கிற காலம். அதற்குள் பழையவர்கள் புதியவர்களுக்குக் காட்டிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பொறியியல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த ஒரு பையன் இப்போது அவன் தெருவுக்கே ஆசான். நான் போகாத வாரமும் அங்கே பெட்டி திறக்கப்படுகிறது. எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இது நம் மண்ணுக்குப் புதிதில்லை என்பதையும் நீ மறக்கக் கூடாது. 1920-களில், மார்த்தாண்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் வழியாக ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் இங்கே கிராமப் புனரமைப்பு மையம் நடத்தினார். கிராமத்துக்குப் போக வேண்டும் என்று ஒய்.எம்.சி.ஏ.வைத் திருப்பியவர், அதன் தேசியப் பொதுச் செயலாளராக இருந்த கே.டி. பால். ஹாட்ச் வைத்திருந்த விதி எளிமையானது: மக்கள் தங்கள் கையாலேயே செய்ய வேண்டும், தெரிந்தவர் பக்கத்திலேயே நின்று சொல்லிக் கொடுக்க வேண்டும். ஏழை வீட்டில் காசு இல்லாமலோ கொஞ்சக் காசிலோ செய்ய முடியாத எதையும் மையத்தில் காட்டக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். கோழியும் தேனீயும் அப்படித்தான் உள்ளே வந்தன. முட்டையைத் தரம் பிரித்துக் கூட்டாக விற்கவும் கற்றுக் கொடுத்தார்கள். நல்ல விலைக்கு விற்கத் தெரியாதவனுக்கு வளர்க்க மட்டும் சொல்லிக் கொடுப்பது பாதிப் படிப்பு. வங்காளத்தில் தாகூர் 1922-இல் ஸ்ரீநிகேதனைத் தொடங்கியதும் ஏறக்குறைய இதே காலம். அதை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறது. மார்த்தாண்டத்தை நம் பிள்ளைகளுக்கே தெரியாது என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம்.

1991-92-இல் 'தாய்லாந்து சாக்புரூட்' என்ற, தேனீப் புழுக்களைத் தாக்கும் வைரஸ் நோய் வந்தபோது இங்குள்ள கூடுகளில் பெரும்பாலானவை அழிந்தன. புழுக்களுக்குள் நீர் கோத்துச் செத்தன, மருந்தும் இல்லை. தப்பிய கூடுகளிலிருந்து பைய பைய மறுபடி பெருக்கியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கிற பழக்கம் ஏற்கெனவே இருந்ததால்தான் அது நடந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விவசாயிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். திருப்பதிசாரத்தில் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன, பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீ வந்ததும் முதலில் அங்கே போய்ப் பேசு. கையைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டும் என்று மட்டும் விவசாயிகளுக்குச் சொல்லாதே. திருப்பதிசாரத்தில் வந்த டி.பி.எஸ். 1 நெல், ஐ.ஆர். 8 என்ற நெல் ரகத்தை நம் கட்டிச்சம்பாவோடு சேர்த்து உருவாக்கியது. கட்டிச்சம்பாவைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்தவர்கள் நம் ஊர் வயற்காரர்கள்தானே? இதைச் சொன்னபோது எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் நல்ல கேள்விகள்.

இன்னொன்று. தென்னையில் வேர் வாடல் நோய்க்கு என்ன மருந்து என்று உன்னிடம் கட்டாயம் கேட்பார்கள். குணமாக்கும் மருந்து கிடையாது என்று நேராகச் சொல்லிவிடு. ரொம்பக் கெட்டுப்போய்க் காய்ப்பு நின்ற மரத்தை வெட்டிவிட்டு, மற்றவற்றுக்கு எருவும் உரமும் ஒழுங்காக வைத்துத் தாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஏதோ டப்பாவைக் காட்டி நம்பிக்கை விற்கிறவர்கள் ஒருபாடு பேர் இருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு உண்மையைத் தாங்கும் திராணி உண்டு.

கடற்கரையை நான் அதிகம் அறியேன். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் கற்பிக்கப் போகிறவர் கடலுக்குப் போய் வந்த ஆளாக இருக்க வேண்டும் என்பது மட்டும் என் எண்ணம்.

பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த அறிவொளி இயக்கக் காலம் நினைவிருக்கிறதா? தொண்டர்களாக நீயும் நானும் ராத்திரி விளக்கைத் தூக்கிக்கொண்டு போனோமே. இன்று எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே நம் குமரி மாவட்டம் முதலிடம், 2011 கணக்கில் 92 சதவீதத்துக்கு அருகே. அதனாலேயே மிச்சம் இருக்கிறவர்களை யாரும் நினைப்பதில்லை. பெரும்பாலும் வயதான பெண்கள், மலைப்பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள். அவர்களுக்கு அ, ஆ-விலிருந்து தொடங்காதே. நாங்கள் பூச்சிமருந்து டப்பாவில் தொடங்கினோம். அதில் இருக்கும் நிற அடையாளத்தில் சிவப்பு என்றால் கொடிய நஞ்சு, பிறகு மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. நிறத்தைப் படித்தவர்கள் அதன் பக்கத்தில் அச்சடித்த பெயரையும் படிக்க ஆசைப்பட்டார்கள். அடுத்து வங்கியில் பணம் போடும் சலான், போனில் வரும் செய்தி. மருமகனைக் கேட்காமல் தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்த ஒரு பாட்டி அன்று முழுக்க அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதனால் மக்கா, நீ வருவதானால் தேன் காலத்தில் வராதே. ஆடியில் வா. மழையில் எங்களோடு விளை விளையாக நட, யார் யாருக்கு என்ன தேவை என்று காதால் கேள். உன் விளையில் கட்டடத்துக்குப் பதிலாக முதல் வருஷம் சில தேன்பெட்டியும் ஒரு வரிசை மட்டி வாழையும் போதும். மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதை வைத்து என்ன விலை கேட்கலாம் என்று பையன்களோடு உட்கார்ந்து பேச நீதான் சரியான ஆள், கணக்கு உனக்கு என்னைவிட நன்றாக வரும்.

டிக்கெட் எடுத்ததும் எழுது. குழித்துறை நிலையத்துக்கு நானே வருகிறேன். நீ கேட்ட சிறுதேன் ஒரு குப்பி எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி