பால்கனியில் தூங்கும் உங்கள் பேத்தியைப் பற்றி அத்தைக்கு

அன்புள்ள அத்தைக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனை வைத்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது, கோபம் சின்னதில்லை என்று. "பாப்பா எங்கே?" என்று கேட்டீர்கள். நான் யோசிக்காமல் போனைத் திருப்பி பால்கனியைக் காட்டிவிட்டேன். கைப்பிடிச் சுவர் மேல் ஒரு முழத்துக்குப் பனி. அதற்கு இந்தப் பக்கம் தள்ளுவண்டி, அதற்குள் மூக்கு மட்டும் வெளியே தெரியத் தூங்கிக்கொண்டிருக்கும் உங்கள் பேத்தி. மைனஸ் 6 டிகிரி என்பதையும் நானே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன். "பச்சப்புள்ளைய கொல்லப் பாக்கறீங்களா" என்றீர்கள். அப்புறம் திரை இருட்டாகிவிட்டது.

உங்கள் பிள்ளை "ரெண்டு நாள்ல அம்மா சரியாயிடுவாங்க" என்கிறார். அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார். எனக்கு மனசு கேட்கவில்லை. போனில் பேசினால் நீங்கள் பேசுவீர்கள், நான் அழுவேன். அதனால் எழுதுகிறேன். ஊரே படிக்கிற மாதிரி எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். நீங்களும் இதற்குள் தெரு முழுக்கச் சொல்லியிருப்பீர்கள். தவிர, இங்கே நார்வேயில் எனக்குத் தெரிந்த நாலைந்து மருமகள்கள் மேலும் இதே வழக்கு இருக்கிறது.

அத்தை, பாதிச் சண்டைக்குக் காரணம் 'பனி' என்கிற சொல்தான். ஒட்டன்சத்திரத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் கோலம் போடும்போது தலையில் இறங்குவது. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பீர்கள். கொடைக்கானலுக்கு இரண்டு நாள் போனதற்கே ஏழு பேருக்கும் குரங்குக் குல்லா வாங்கி மாட்டிவிட்டவர் நீங்கள். இங்கே விழுவதற்கும் நாம் பனி என்றுதான் சொல்கிறோம். ஆனால் மைனஸ் ஆறில் விழுவது அரிசி மாவு மாதிரி உலர்ந்து கிடக்கும். சட்டையில் விழுந்தால் தட்டிவிடலாம். குழந்தையை நடுங்க வைப்பது ஈரமும் காற்றும்தான். ஒரு டிகிரி, இரண்டு டிகிரியில் மழையும் காற்றுமாக அடிக்கிற நாளைத்தான் நான் பயந்து பார்ப்பேன். காற்றில்லாத மைனஸ் எட்டு எனக்கு நல்ல நாள்.

அவள் எப்படிப் படுத்திருந்தாள் என்று சொல்லிவிடுகிறேன், வீடியோவில் அது தெரிந்திருக்காது. உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி மேல்சட்டையும் கால்சட்டையும். பருத்தி கிடையவே கிடையாது, வியர்வையைக் குடித்துவிட்டு அது ஈரமாகவே இருக்கும். அதற்கு மேல் தடித்த கம்பளி. பிறகு முழுவதும் ஆட்டுத்தோல் வைத்த ஒரு பைக்குள் கழுத்து வரை. தலையில் குல்லா. அரை மணிக்கு ஒரு தரம் நான் போய் அவள் பிடரியில் இரண்டு விரல் வைத்துப் பார்ப்பேன். மூக்கும் கன்னமும் சில்லென்றுதான் இருக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பிடரி கதகதப்பாக இருக்கிறதா, சரி. வியர்த்திருக்கிறதா, ஒரு உடுப்பைக் கழற்று. குளிர்ந்திருக்கிறதா, உள்ளே தூக்கி வா. இங்கே பாலர் பள்ளியிலும் இதேதான். மதியச் சாப்பாடு முடிந்ததும் தள்ளுவண்டிகளை வரிசையாக வெளியே நிறுத்தித் தூங்க வைப்பார்கள். அவள் போகிற இடத்தில் மைனஸ் பத்துக்குக் கீழே போனால் மட்டும் உள்ளே.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியாது. முதல் குளிர்காலம் நீங்கள் சொன்னபடிதான் நடந்தேன். அவள் ஜூலையில் பிறந்தவள், நவம்பரில் நாலு மாதம். "தலை நிக்காத புள்ள, வெளிய கொண்டு போகாத" என்றீர்கள். நாங்கள் இருக்கும் ட்ரோம்சோ வடதுருவ வட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தள்ளி, ஒரு தீவில் இருக்கிற ஊர். நவம்பர் 27 வாக்கில் சூரியன் போனால் ஜனவரி நடுவில்தான் மறுபடி அடிவானத்துக்கு மேலே வரும். நடுவில் மலை இருப்பதால் நம் கண்ணில் படுவதற்கு இன்னும் ஒரு வாரம் ஆகும். கும்மிருட்டு இல்லை. நடுப்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் வானம் நீலமாக, தெற்கே கொஞ்சம் ரோஸ் நிறமாக இருக்கும். கடல் நீரோட்டம் சூடு கொண்டு வருவதால் ஜனவரியின் சராசரிக் குளிர் மைனஸ் நாலு அளவுதான், சைபீரியா மாதிரி இல்லை.

அந்த இரண்டு மூன்று மணி வெளிச்சத்தை நான் ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்கவில்லை. அந்த நேரம்தான் அவள் தூங்குவாள், நானும் படுத்துவிடுவேன். எழுந்தால் இருட்டு. உங்கள் பிள்ளை ஆபீசிலிருந்து வரும்போதும் இருட்டு. டிசம்பர் முழுக்க நான் குப்பை போடுவதற்கு மட்டும் கீழே இறங்கினேன். குழந்தைக்கு எடை பார்க்கப் போனபோது அங்கே இருந்த நர்ஸம்மா பிள்ளை பால் குடிக்கிறதா என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "நீ வெளியே போகிறாயா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை, அழுதுவிட்டேன். இதை உங்களிடம் அப்போது சொல்லவில்லை. சொன்னால் "ஊருக்கு வந்துடு" என்பீர்கள் என்று தெரியும்.

மறுநாள் பதினொரு மணிக்கு அவளை வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவளுக்காக என்று சொல்லிக்கொண்டேன், நிஜத்தில் எனக்காக.

வெளியே போவதற்கு இவர்கள் ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள், ஃப்ரீலுஃப்ட்ஸ்லீவ், திறந்தவெளி வாழ்க்கை. 1957இல் ஒரு சட்டம் போட்டு, பயிர் செய்யாத காடு, மலை, கடற்கரை யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் எவரும் நடக்கலாம் என்று வைத்துவிட்டார்கள். குடியிருக்கும் வீட்டுக்கு 150 மீட்டர் தள்ளிக் கூடாரமும் போடலாம். மாமா வரப்புத் தகராறில் பன்னிரண்டு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவர், அவரிடம் இதை மட்டும் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

நீங்கள் நினைப்பதுபோல நாங்கள் அவளை மலை உச்சிக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போவதில்லை. எங்கள் பெரிய பயணம் பிரெஸ்ட்வான்னெ. தீவின் மேட்டில் இருக்கும் சின்ன ஏரி, இப்போது உறைந்து கிடக்கிறது. எனக்கு வீட்டிலிருந்து இருபது நிமிஷ நடை. அவளோடு போனால் ஒரு மணி ஐந்து நிமிஷம், நான் கணக்குப் பார்த்திருக்கிறேன். சாலை ஓரமாக, பனி தள்ளும் வண்டிக்கு ஓரம் தெரிவதற்காக ஆள் உயரக் குச்சிகள் நட்டிருப்பார்கள். உங்கள் பேத்தி ஒவ்வொரு குச்சியிடமும் நின்று, கையுறையோடு அதை ஒரு தட்டுத் தட்டி, "குச்சி" என்று சொல்லி, நானும் "ஆமா, குச்சி" என்று சொன்ன பிறகுதான் அடுத்ததற்கு வருவாள். ஒன்றை விட்டுவிட்டால் திரும்பிப் போக வேண்டும். தேர் நிலைக்கு வருகிற மாதிரி மெதுவாக ஏரிக்கு வந்து சேர்வோம். அங்கே ரப்பர் பாய்த் துண்டை விரித்து உட்கார்ந்து, ஃப்ளாஸ்க்கில் இருக்கும் பாலைக் குடித்து, ஒரு இட்லி. ஆமாம், இட்லி. ஃப்ளாஸ்க் டப்பாவில் வைத்தால் சூடாகவே இருக்கிறது. கையுறையைக் கழற்றாமல் பிள்ளை தானே எடுத்துச் சாப்பிடுவதற்கு இட்லி மாதிரி ஒன்று கிடையாது.

போன வாரம் திரும்பி வரும்போது வானத்தில் பச்சையாகத் துருவ ஒளி ஓடியது. இதைப் பார்க்க ஜனங்கள் லட்ச லட்சமாகச் செலவழித்து வருகிறார்கள். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த குச்சிக்குப் போய்விட்டாள்.

சரி, ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நவம்பரில் ஒரு நாள் நீங்கள் பார்த்திருந்தால் உங்கள் கோபம் நியாயம் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். பக்கத்துத் தீவில் எர்ஸ்ஃபியூர்ட்பொத்ன் என்று ஒரு கடற்கரை. பூஜ்யம் டிகிரி, லேசான காற்று. அவள் கரையில் உட்கார்ந்து பாதி உருகிய பனியைக் கையால் பிசைந்து, தோசை ஊற்றுகிறேன் என்று விளையாடிக்கொண்டிருந்தாள். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கம்பளிக் கையுறை நனைந்து கனத்துத் தொங்குவதை நான் கவனிக்கவில்லை. மாற்றுக் கையுறை வீட்டு ஹீட்டர் மேலேயே காய்ந்துகொண்டிருந்தது. பாலர் பள்ளியில் வாராவாரம் சொல்லுவார்கள், எப்போதும் இரண்டு ஜோடி கூடுதலாக வையுங்கள் என்று. திடீரென்று அழுதாள். வழக்கமான அடம் அழுகை இல்லை, மெல்லிசாக, மூச்சு வாங்கி. கையுறையைக் கழற்றினால் விரல்கள் சிவந்து மரத்திருந்தன. என் ஜாக்கெட்டைத் திறந்து, அந்தக் கைகளை வெறும் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டே காருக்கு ஓடினேன். சூடு ஏற ஏறத்தான் அவளுக்கு வலித்தது. வீடு வரைக்கும் அழுதாள், நானும்தான். ஒன்றும் ஆகவில்லை, அன்று சாயங்காலமே அந்த விரல்களால் என் மூக்கைப் பிடித்து இழுத்தாள். ஆனால் பால்கனியில் தூங்கும் பிள்ளையைப் பார்த்து நீங்கள் பட்ட பயத்தை நான் அந்தக் கடற்கரையில்தான் பட்டேன்.

இங்கே மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்பது விதிகள் வைத்திருக்கிறார்கள். எட்டாவது விதி, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை. அன்றிலிருந்து அதிகமாகத் திரும்புகிறோம். இரண்டு தரம் வாசலிலிருந்தே திரும்பியிருக்கிறோம். உடுப்பு மாட்டவே இருபது நிமிஷம் ஆகும், கடைசி ஜிப்பைப் போட்டதும் "கக்கா" என்பாள். இன்னொன்று, வண்டியிலோ சறுக்குப் பலகையிலோ உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத்தான் குளிரும். இழுக்கிற அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டும், அவர் தன் உடம்பை வைத்துக் கணக்குப் போடுவார். உங்கள் பிள்ளை மேல் எனக்கு இருக்கும் குறை இது ஒன்றுதான். வேறு சிலவும் உண்டு, நேரில் சொல்கிறேன்.

பொங்கலைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. சூரியனுக்குப் படைக்கிற நாளில் இங்கே சூரியனே கண்ணில் படவில்லை. வீட்டிலோ இன்டக்‌ஷன் அடுப்பு. பால் பொங்கி வழிந்தால் கீ கீ என்று கத்திவிட்டுத் தானே அணைந்துவிடும். போன வருஷம் "பொங்கலோ" என்பதோடு நின்றுபோனது. அதனால் இந்த வருஷம் ஜனவரி 21க்குத் தள்ளி வைத்தோம். அன்றைக்குத்தான் இந்த ஊரில் சூரியன் திரும்பி வரும் நாளைக் கொண்டாடுவார்கள். பேக்கரிகளில் சூல்பொல்லர் என்று, உள்ளே ஜாம் வைத்து எண்ணெயில் பொரித்த பன், வரிசையில் நின்று வாங்குவார்கள். நாங்கள் அரை நாள் லீவு போட்டு, தெற்கே டெலிகிராஃப்புக்தா கடற்கரைக்கு, ஒரு பை பிர்ச் விறகும் சின்னப் பானையும் தூக்கிக்கொண்டு போனோம். பிர்ச் பட்டை ஈரத்திலும் சட்டென்று பிடித்துக்கொள்ளும், நம் ஊர் தென்னம்பாளை மாதிரி. நீங்கள் கொடுத்தனுப்பிய மண்டை வெல்லம் குளிரில் கல்லாகி, உங்கள் பிள்ளை அதைப் பாறையில் வைத்துத்தான் உடைத்தார். பால் பொங்க முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. பொங்கி வழிந்து, கரியில் விழுந்து, புகை எழுந்தபோது பக்கத்தில் தீ மூட்டிக்கொண்டிருந்த ஒரு நார்வேக்காரப் பாட்டியும் சேர்ந்து "பொங்கலோ பொங்கல்" என்றார், உச்சரிப்பு என்னவோ மாதிரிதான். மேகம் கலையவில்லை, சூரியன் வரவில்லை. உங்கள் பேத்தி பொங்கலில் இரண்டு வாய், பன்னில் முக்கால். குல்லாவெல்லாம் ஜாம்.

அந்தக் குல்லா எது தெரியுமா? நீங்கள் அனுப்பிய சிவப்புக் குரங்குக் குல்லா மாதிரியேதான், காது, கழுத்து, தாடை எல்லாம் மூடுகிற மாதிரி. இங்கே எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் போடுகிறார்கள், கம்பளியில். கொடைக்கானலில் நான் வாயை மூடிக்கொண்டு சிரித்ததற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அதேபோல நீங்கள் உங்கள் பிள்ளைக்குச் சின்ன வயதில் கொடுத்த மீன் எண்ணெய் மாத்திரை, அதையும் இங்கே கரண்டியில் ஊற்றிக் கொடுக்கிறார்கள், வெயில் இல்லாத மாதங்களில் வைட்டமின் டி வேண்டுமே என்று. அவள் முகத்தைச் சுளிக்காமல் குடித்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்கிறாள். யாரைக் கொண்டு பிறந்தாளோ.

ஜூன் கடைசியில் டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். அப்போது சூரியன் மறையவே மறையாது. ராத்திரி பதினொன்றரைக்கும் பால்கனியில் வெயில் அடிக்கும், அவளைத் தூங்க வைக்கக் கறுப்புத் திரை வேண்டியிருக்கும். உங்களால் ஆகஸ்ட் வரை இருக்க முடிந்தால் காட்டில் முல்தே பழம் பறிக்கப் போகலாம். காயாக இருக்கும்போது சிவப்பு, பழுத்தால் மஞ்சள், நேர் எதிர். போன வருஷம் அவள் சிவப்பாகப் பார்த்துப் பார்த்துப் பறித்துத் தின்று துப்பினாள். கொசு மட்டும் நம் ஊரைவிட மோசம், அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு வாருங்கள்.

வரும்போது வெல்லம் இரண்டு கிலோ, சுக்கு, கருவடாம். பாப்பாவுக்குப் பாவாடை சட்டை தைப்பதாக இருந்தால் இரண்டு விரற்கடை பெரிதாகவே தைக்கச் சொல்லுங்கள், உள்ளே கம்பளி போட வேண்டியிருக்கும். சனிக்கிழமை உங்கள் மதியம் நான்கு மணிக்கு, அவள் இங்கே முழித்துக்கொண்டிருக்கிற நேரத்தில், நானே கூப்பிடுகிறேன். எடுங்கள் அத்தை.

உங்கள் மருமகள்