கடல் தாண்டும் பீடி இலை: நண்பனுக்கு ஒரு கடிதம்

தூத்துக்குடி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிகரெட் விலை ஏறிக்கொண்டே போனதால் பீடிக்கு மாறினாய் என்றும், இருமல் முற்றி மருத்துவர் கண்டித்த பிறகு அதையும் விட்டுவிட்டாய் என்றும் எழுதியிருந்தாய். விட்ட செய்தி பெருமகிழ்ச்சி தந்தது. ஆனால் பீடிக்கு மாறிய செய்தி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இலங்கையில், உன் புத்தளத்தில் நீ புகைத்த பீடியின் இலை எங்கள் கடற்கரையிலிருந்தே வந்திருக்கலாம்.

தமிழ்நாட்டுக் காவல்துறையின் கியூ பிரிவு போலீசார் பீடி இலை மூட்டைகளைக் கைப்பற்றிய செய்தி இங்கே நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. சுமார் 30 கிலோ எடையுள்ள மூட்டைகள் இரவில் சரக்கு வாகனத்தில் கரைக்கு வந்து, படகேறி உங்கள் கற்பிட்டிக் கரைப் பக்கம் போகின்றன. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் பறிக்கப்படும் இது கருங்காலி இனத்து மரம் ஒன்றின் இலை. இதில் புகையிலை இல்லை. நெல்லைச் சீமைப் பெண்கள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு, நனைத்த இலையைக் கத்தரித்து, புகையிலைத் தூளிட்டுச் சுற்றி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவதைப் பார்த்தே நான் வளர்ந்தேன். இங்கே சாதாரணச் சரக்காக இருக்கும் அந்த இலைக்கு உங்கள் நாட்டில் இறக்குமதி வரி மிக அதிகம். அந்த வரியை ஏய்ப்பதில்தான் கடத்துபவரின் லாபம் இருக்கிறது.

புகையிலைப் பொருள்களின் சட்டவிரோத வணிகத்தை ஒழிக்க 2012இல் சியோலில் பல நாடுகள் சேர்ந்து ஏற்ற நெறிமுறை 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா, இலங்கை இரண்டும் அதில் இணைந்தவை. ஆனால் அது குறிவைப்பது புகையிலையையும் அதிலிருந்து செய்யும் பொருள்களையும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களையும்தான். புகையிலையைச் சுற்றும் இலையை அல்ல.

இலை என்பதால் தீங்கு குறைவு என்று நீ நம்பியதாக எழுதியிருந்தாய். உண்மை நேர்மாறானது. சிகரெட் தாளைப் போல அந்த இலையினூடே காற்று எளிதில் புகுவதில்லை. பீடி அணையாமல் இருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல் உடலுக்குள் போகின்றன.

கடத்தல் பெருகுவதால் சிகரெட் வரியைக் குறைக்க வேண்டும் என்று புகையிலை வணிகர்கள் எங்கும் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விலை ஏறியதால்தான் நீ சிகரெட்டை விட்டாய். உன் வாய்க்கெட்டும் விலையில் பீடி கிடைத்ததுதான் குறை. பீடிக்கும் வரியை உயர்த்தி, இலை மூட்டை கிட்டங்கியை விட்டுப் புறப்படும்போதே அது யாருக்குப் போகிறது என்று பதிவு செய்ய வேண்டும். பீடி சுற்றும் பெண்களுக்கு வேறு பிழைப்புக்கும் அரசே வழிசெய்ய வேண்டும். அவர்களை மறந்துவிட்டு வரியைப் பற்றி மட்டும் பேச என்னால் முடியாது.

இந்தியாவில் 2016 முதல் புகையிலைப் பொட்டலத்தின் இருபுறமும் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். பெட்டிக்கடையில் ஒற்றையாக வாங்குபவன் கண்ணில் அது படுவதே இல்லை. உங்கள் கடைத்தெருவில் விற்கும் பீடிக் கட்டின் மேல் எச்சரிக்கையும் தயாரித்தவர் பெயரும் இருக்கின்றனவா என்று பார்த்து எழுது. வாங்க வேண்டாம், பார்த்தால் போதும். இருமல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழன்