உன் கதைமாந்தரைப் பற்றி

தக்கலை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய கதைமாந்தர் குறிப்புகளை அம்மாவும் நானும் தனித்தனியே படித்தோம். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி கடலோர ஊரிலிருந்து புறப்பட்டு, மலைக்குள் எங்கோ மறைந்திருக்கும் மருந்தைத் தேடிப் போய், போகிற வழியிலேயே ஆளாகி வளர்வது என்ற போக்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் யாருக்கு என்ன சக்தி உண்டு என்பதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிற நீ, அந்தச் சக்திக்காக அவரவர் எதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதை எங்குமே எழுதவில்லை. ஒரு சிறுமி பெரியவளாவது அந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்; அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உன் நாயகி விரலால் தொட்டாலே எதிரி மயங்கி விழுந்துவிடுகிறான். இதை நீ, உடலின் உயிர்நிலைகளை அறிந்து அடிக்கவும் ஆற்றவும் கற்றுத்தரும் வர்மக்கலையிலிருந்து எடுத்திருக்கிறாய் என்பது தெரிகிறது. ஆனால் வர்மத்தில் பாதியைத்தான் எடுத்திருக்கிறாய். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்களைச் சொல்லும் அந்தக் கலையில், அடிபட்டவரை மீட்கும் இளக்குமுறை அடிமுறையை விட்டுப் பிரியாதது. பனையிலிருந்து விழுந்து நினைவிழந்து கிடந்த ஒருவரை உன் பாட்டாவிடம் தூக்கிக்கொண்டு வந்ததைச் சிறுவனாக இருந்தபோது நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பாட்டா அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, பின்னால் தன் முழங்காலை அணை கொடுத்து, சுக்கை வாயிலிட்டு மென்று, அவருடைய இரண்டு காதுகளிலும் மாறிமாறி ஊதினார். பிறகு உள்ளங்கையால் உச்சியில் தட்டினார். அந்த மனிதர் கண் திறக்கும்வரை பாட்டாவின் முகத்தில் இருந்த கவலையை நான் மறக்கவில்லை. ஆற்றல் உள்ளவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும், மக்களே. உன் நாயகியின் முகத்தை ஓர் இடத்திலாவது அப்படிக் காட்டு.

ஆகவே, கதையின் முதற்பாதியில் அவளுக்கு அடி மட்டுமே தெரியட்டும். எண்ணெய் காய்ச்சவும் பச்சிலை பறிக்கவும் வைத்து நெடுநாள் குணம் பார்த்த பிறகே ஆசான்கள் நுட்பங்களைச் சொல்லித்தருவார்கள் என்பதால், பொறுமையிழந்து அவள் பாதியிலேயே புறப்பட்டுப் போனாள் என்று வைத்துக்கொண்டால் காரணமும் கிடைத்துவிடும். வழியில் கோபத்தில் ஒருவனை அவள் தொட, அவன் எழுந்திருக்காமல் கிடக்க, அவனை விட்டுப் போவதா, தெரியாத ஒன்றைத் துணிந்து செய்து பார்ப்பதா என்று அவளே முடிவெடுக்க வேண்டிய நிலையை உண்டாக்கு. அந்த நேரத்தில் ஆசான் பக்கத்தில் இருக்கவே கூடாது. நீயோ அவரை மலையுச்சி வரை கூடவே அனுப்பியிருக்கிறாய். எல்லாம் தெரிந்த பெரியவர் கூடவே வந்தால் பிள்ளைகளுக்கு வளர இடம் ஏது?

துணைக்கு வரும் மீனவப் பையனை நீ இன்னும் கவனிக்க வேண்டும். அவனுக்கு மந்திரம் எதுவும் வேண்டாம். நம் கடற்கரையில் மலையுச்சியையும் கோபுரத்தையும் ஒன்றோடொன்று நேர்ப்படுத்திப் பார்த்தே, கடலுக்கடியில் பார் எனப்படும் பாறைத்திட்டு எங்கே இருக்கிறது என்று வள்ளத்திலிருந்தபடி கண்டுகொள்ளும் அறிவு தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. அந்த அறிவோடு வருகிற பையன் பேச்சிப்பாறைக்கு மேலுள்ள காடு போன்ற ஓரிடத்துக்குள் நுழைந்ததும், மரங்கள் எல்லாவற்றையும் மறைக்க, முதன்முறையாகத் திசை தெரியாமல் நிற்பான். கடலில் அவளுக்கு வழிகாட்டியவன் காட்டில் அவளை நம்பி நடக்க வேண்டியிருக்கும்போது எழும் பிணக்கும் நட்பும், நீ எழுதியிருக்கும் பறக்கும் பாம்பைவிட வலுவானவை. சஞ்சீவி மலையின் துண்டு என்று நம் மக்கள் நம்பும் மருந்துவாழ்மலையை நீ மனத்தில் வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். கடலிலிருந்து அடையாளமாக மட்டுமே பார்த்துவந்த மலையின் மேல் அந்தப் பையன் ஏறி நின்று, தன் அப்பாவின் வள்ளம் எது என்று தேடுவதாக ஓர் அத்தியாயம் எழுதலாம்.

பகைவனைப் பிறவியிலேயே கொடியவன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். கொடைவிழாக்களில் நீ கேட்டு வளர்ந்த கள்ளியங்காட்டு நீலியின் கதையை நினைத்துப் பார். நம்பியவனாலேயே நகைக்காகக் கொல்லப்பட்டவள் அவள். அந்தக் கொலையைப் பார்த்தது பக்கத்தில் நின்ற கள்ளி மட்டும்தான். மறுபிறவியில் வணிகனாகப் பிறந்திருக்கும் அவனைத் தேடி வரும்போது அந்தக் கள்ளிக் கொப்பையே குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறாள். அவளுடைய மாயமும் அவள் பட்ட துன்பத்தின் இடத்திலிருந்தே பிறக்கிறது. உன் பகைவனின் ஆற்றலுக்கும் அப்படியொரு பிறப்பிடத்தை முதலில் தீர்மானித்துக்கொள். அதே கதையில், கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணைப் பார்த்து இரங்கி, அவன் தன் கணவன் என்ற அவள் சொல்லை நம்பி, அஞ்சி நடுங்கும் அந்த வணிகனை அவளிடமே ஒப்படைக்கும் ஊர்ப் பெரியவர்களும் வருகிறார்கள். அவர்கள் தீயவர்கள் அல்லர். இரக்கத்தாலேயே தவறு செய்தவர்கள். உன் பட்டியலில் அப்படிப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. நல்லவர்களும் தவறுவார்கள் என்பதை நேரில் காணும்போதுதான் பிள்ளைப்பருவம் முடிகிறது. எனவே, நாயகி மிகவும் மதிக்கும் ஒருவரை அந்த இடத்தில் வை.

அம்மாவுக்கு ஒரே வருத்தம். நாயகியின் தாய் தந்தையரை முதல் அத்தியாயத்திலேயே இறக்கவைத்துவிட்டாயே என்கிறாள். எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. அழுதுகொண்டே மரச்சீனிக்கிழங்கு அவித்துப் பொட்டலம் கட்டிக்கொடுக்கும் தாயை விட்டுப் பிரிந்து போவது, யாருமற்றவள் கிளம்பிப் போவதைவிடக் கடினமானது. போகாதே என்று தடுக்கும் தகப்பனுக்கும் நியாயம் இருக்கட்டும். நீ ஊரைவிட்டுப் போனபோது எங்களுக்கும் அது இருந்தது. உனக்கும் போவதற்கான நியாயம் இருந்தது. இரண்டையும் அறிந்தவள் நீ என்பதால், அந்தக் காட்சியை உன்னைவிட யாரும் நன்றாக எழுதிவிட முடியாது.

அடுத்த முறை எழுதும்போது ஆற்றல்களின் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொருவரும் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் எழுதி அனுப்பு. இளக்குமுறையைப் பற்றிக் கேட்க வேண்டியவை இருந்தால் அதையும் சேர்த்து எழுது. பாட்டாவிடம் பயின்ற ஆசான் ஒருவர் இன்னும் நம் ஊரில் இருக்கிறார், நான் போய்க் கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா