அருவிக்குப் போகும் நடையையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

கோடைச் சிறப்பிதழில் குடும்பத்தோடு போய்வர ஏற்ற அருவிகள் என்று நீங்கள் வெளியிட்டிருந்த பக்கங்களை எங்கள் வீட்டில் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிப் படித்தோம். படங்கள் அருமை. ஆனால் எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்ட என் மாமியார் கடைசியில் ஒன்று கேட்டார். "வண்டிய விட்டு எறங்கி எம்புட்டுத் தூரம் நடக்கணுமாம்?" புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், அதற்கு ஒரு வரிகூட இல்லை.

அருவியின் உயரம் இருக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பது இருக்கிறது. பக்கத்துக் கோயில்கூட இருக்கிறது. வேன் நிற்கும் இடத்துக்கும் தண்ணீர் விழும் இடத்துக்கும் நடுவில் உள்ள பாதை மட்டும் காணோம். அப்புறம், முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருந்த படம். ஓர் அப்பா, தோளில் குழந்தை, ஓடையின் நடுப்பாறையில் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிரிக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் இருக்கிறோம். இங்கே மேடு என்று சொல்ல எதுவும் கிடையாது. இராமேசுவரத்தில் கந்தமாதன பர்வதம் என்று ஒன்று உண்டு. பெயர்தான் பர்வதம், ஏறி முடிப்பதற்குள் பிள்ளைகள் "மலை எங்கம்மா?" என்று கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். பள்ளிக்கூடமும் விடுமுறை. ஆம்பளைகள் வலை கட்டி முடித்த கையோடு உறவுக்காரர்கள் நாலு வீடு சேர்ந்து வேன் பிடித்து மேற்கே கிளம்புவது எங்கள் பக்கம் வழக்கமாகிவிட்டது.

போன வருடம் சுருளிக்குப் போனோம். அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் மகன். அவனுக்கு ஆறு வயது. வைகை என்று சொன்னால் மணலும் சீமைக்கருவேலும்தான் அவனுக்குத் தெரியும். இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அடங்குகிற ஆறு, மிஞ்சினால் ஆற்றங்கரை என்கிற ஊர்ப் பக்கம் கடலைத் தொடுகிற ஆறு. சுருளியில் விழுகிற தண்ணீர் சுருளியாறாகி, முல்லையாற்றோடு கலந்து, வைகைக்குத்தான் வருகிறது. வால் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு அதன் தலைப் பக்கத்தைக் காட்டுவோம் என்று நினைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு வேன் ஏறினோம்.

சோதனைச் சாவடி தாண்டியதும் காட்டுக்குள் நடை. இந்த நடையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நம் ஊரில் அருவி என்றால் இறங்கு, எண்ணெய் தேய், குளி, பரோட்டா சாப்பிடு, கிளம்பு. பாதையில் யாரும் நிற்பதில்லை. நாங்கள் நிற்க வேண்டியிருந்தது, மாமியாருக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கல் பார்த்து அவர் உட்கார, பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். மரத்தின் வேர் பாறையைப் பிளந்து இறங்கியிருந்ததை என் மகன் விரலால் தடவிக்கொண்டே போய் எங்கே முடிகிறது என்று தேடினான். மண்ணில் கிடந்த சாணி உருண்டையைப் பார்த்துவிட்டு "யானை போயிருக்கு" என்று வழியில் வந்த ஒருவர் சொன்னதும் நான்கு பிள்ளைகளும் அதைச் சுற்றி நின்றுகொண்டு நகர மறுத்தார்கள். அருவியை விட அதுதான் இன்றைக்கும் அவர்களுக்குப் பேச்சு. குரங்கு வந்து புளியோதரைப் பொட்டலத்தோடு போனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் மாமியார் முப்பது வருடம் தீவுகளுக்குப் போய்ப் பாசி எடுத்தவர். விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் பாறையில் நின்று பாசி பறிக்கிற வேலை. எங்களுக்குப் பாசி என்றால் அரிசி பருப்பு வாங்கும் காசு. அருவிப் பாறையில் இருக்கும் பாசி வேறு, வழுக்கிவிடுகிற பாசி. ஆனாலும் இரண்டு பாசியையும் அவர் கால் ஒரே மாதிரிதான் பார்த்தது. ஓடையில் இறங்குவதற்கு முன்னால் ஒரு பழைய சேலைத் துண்டை நீளநீளமாகக் கிழித்து, பிள்ளைகளின் செருப்பைக் கணுக்காலோடு சேர்த்துக் கட்டிவிட்டார். கட்டும்போதே, "கல்லப் பாத்து மிதிங்கடா. தண்ணிய அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். கால் மாற்றும்போது பாதம் முழுவதும் கல்லில் படவேண்டும், முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், பச்சையாக மின்னுகிற கல்லை விட்டுச் சொரசொரப்பான கல்லைத் தேட வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்கு எனக்கே புதுப்பாடம். வழவழப்பான ரப்பர் செருப்பில் வந்த எத்தனையோ பேர் எங்கள் கண் முன்னால் உட்கார்ந்து எழுந்தார்கள்.

கோடை மழை பெய்திருந்ததால் நல்ல தண்ணீர். குளித்துக்கொண்டிருக்கும்போது வனத்துறைக் காவலர் விசில் அடித்து எல்லோரையும் மேலே ஏறச் சொன்னார். தலைக்கு மேல் வானம் பளிச்சென்று இருந்தது. எங்கள் வேன்காரர்கள் உட்பட எல்லோரும் முணுமுணுத்தோம். ஒருவர் அவரிடம் சண்டைக்கே போனார். காவலர் பதில் பேசவில்லை, தண்ணீரைக் கையால் காட்டினார். சருகும் சுள்ளியும் வந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. சத்தமும் மாறிவிட்டது. நாங்கள் உட்கார்ந்திருந்த கல் அதற்குப் பிறகு கண்ணுக்குத் தெரியவில்லை.

எங்கள் ஆட்களுக்கு வானம் தெரியும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயரைச் சொல்லியே நாளைக்குக் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். மலையில் அந்தக் கணக்கு உதவாது. மழை நமக்குத் தெரியாத முகட்டுக்கு அந்தப் பக்கம் பெய்யும், அங்கேயுள்ள சரிவெல்லாம் சேர்ந்து ஒரே இடுக்கு வழியாக இறங்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இப்படித்தான் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் போனான். தேதியைக் கவனியுங்கள். குற்றாலம் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் என்றுதான் நம் மனதில் இருக்கிறது. மே மாதம் தண்ணீர் குறைவு, பயமில்லை என்று நினைக்கிறோம். கோடை இடிமழை பெய்வது அந்த மாதத்தில்தான். தடைக்காலமும் பள்ளி விடுமுறையும் அதே மாதத்தில்தான்.

என் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவன் கோபித்தாலும் பரவாயில்லை. நீவாட்டை, அதாவது கடல் நீரோட்டத்தை, எதிர்த்து நீந்துகிறவன். இன்னோர் அருவியில், பெயர் வேண்டாம், அடியில் இருந்த தடாகத்தில் குதித்தான். கடல் தண்ணீரில் உப்பு இருப்பதால் உடம்பை ஓரளவு தாங்கும். ஆற்றுத் தண்ணீர் அந்த அளவு தாங்காது. அருவி விழும் இடத்தில் பொங்குகிற வெள்ளை நுரையிலோ பாதி காற்று, அது ஆளைத் தாங்கவே தாங்காது. போதாததற்குத் தண்ணீரின் குளிர் மூச்சைப் பிடித்துவிடும். பத்து கஜம் தள்ளி ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தான். திரும்பி வரும்போது மதுரை வரைக்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. கடலை அறிந்தவர்கள்தான் இந்த விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். எங்கள் பக்கத்தில் நீந்தத் தெரிந்தவன் என்ற தைரியம் அதிகம்.

ஒகேனக்கல்லில் காவிரி பாறையிடுக்கில் பாய்கிறது. அங்கே பிலிகுண்டுலுவில் நீர்வரத்தை அளக்கிறார்கள், இத்தனை கனஅடி என்று தினமும் செய்தி வருகிறது. கூடினால் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே தெரிந்துகொள்ளலாம். நீங்கள் போட்டிருந்த சிறிய அருவிகள் பலவற்றுக்கு அப்படி ஒரு கணக்கு காதில் விழுவதில்லை. வாசலில் போய் நின்ற பிறகுதான் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று தெரிகிறது. ஓர் இடத்தில் வண்டி நிறுத்தக் காசு வாங்கிவிட்டு, அதற்குப் பிறகு "இன்னைக்கு விடலை" என்றார்கள். மூடியதில் வருத்தமில்லை, மூடியதுதான் சரி. முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

நடந்து போகிற மலைப்பாதைகளைப் பற்றி உங்கள் கட்டுரை ஒன்றும் சொல்லாததும் எனக்குக் குறைதான். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். எளிது என்ற வகையில் பிள்ளைகளோடு போகலாம். நல்ல ஏற்பாடு. தலைக்கு இவ்வளவு என்று பதினோரு பேருக்குக் கணக்குப் போடும்போதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு இடிக்கிறது, குடும்பங்களுக்கு ஏதாவது சலுகை கொடுத்தால் தேவலை. குற்றாலத்தில் பேரருவிக்கு மேலே செண்பகாதேவிக்குப் போகும் காட்டுவழியைப் போல, அனுமதியில்லாமல் போகக்கூடாத பாதைகளும் உண்டு. எது எந்த வகை என்று பத்திரிகை சொன்னால் வாசலில் நின்று வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை.

அடுத்த முறை எழுதும்போது, எழுதுகிறவர் ஒரு குழந்தையையோ வயதானவரையோ கூட்டிக்கொண்டு ஒருதரம் நடந்துவிட்டு எழுதட்டும். போக எவ்வளவு நேரம், ஏறித் திரும்ப எவ்வளவு நேரம், வழியில் நிழல் உண்டா, பெண்களுக்கு ஒதுங்க இடம் உண்டா, உடை மாற்ற மறைப்பு உண்டா. கடைசி இரண்டையும் ஆண்கள் எழுதும் பயணக் கட்டுரையில் நான் பார்த்ததே இல்லை. தண்ணீரில் சருகு வந்தால், கலங்கினால், பையை விட்டுவிட்டு மேலே ஏறுங்கள் என்று ஒரு வரி கட்டம் கட்டிப் போடுங்கள். தோளில் பிள்ளையோடு நடுப்பாறையில் நிற்கும் படத்தை மட்டும் இனிமேல் வேண்டாம்.

இந்த வருடம் கும்பக்கரை என்று பேச்சு அடிபடுகிறது. அங்கே பாறைக் குழிகளுக்கு யானை கஜம், பாம்பு கஜம் என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்களாம், பிள்ளைகள் இப்போதே சண்டை போடுகிறார்கள், எந்தக் கஜம் யாருக்கு என்று. வேன் நிற்கும் இடத்திலிருந்து அருவிக்கு எத்தனை படி இறங்க வேண்டும், கைப்பிடி இருக்கிறதா என்று தெரிந்தால் தயவுசெய்து அடுத்த இதழில் போடுங்கள். மாமியார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
வேதாளை, இராமநாதபுரம் மாவட்டம்.