பாராகிளைடிங் கிராஸ் கண்ட்ரிக்கு எந்த விங் வாங்கலாம்? காரைக்குடியிலிருந்து ஒரு மடல்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பாராகிளைடர் கடைக்கு வரும் போன் எல்லாம் ஒரே ரகம்தான். "அண்ணே, ஐப்பசியில பிர் போறோம், இந்த வருஷம் கிராஸ் கண்ட்ரி பறந்தே ஆகணும், எந்த விங் வாங்கலாம்?" (புதியவர்களுக்கு: பிர் என்பது இமாச்சலப் பிரதேசத்தில் நாம் பறக்கப் போகும் ஊர், கிராஸ் கண்ட்ரி என்பது கிளம்பிய இடத்தை விட்டுத் தூரம் பறப்பது, விங் என்பது நம்மைத் தூக்கும் துணிச் சிறகு.) கேட்கிறவர் பாதி நேரம் ஏற்கெனவே ஒன்றை மனதுக்குள் முடிவு பண்ணியிருப்பார், அதுவும் அநேகமாக அவர் கைக்கு ஒரு படி மேலான விங்காக இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது, அதனால் இந்தத் தடவை எழுதி அனுப்பிவிடலாம் என்று பெட்டியடியில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளும்.

முதலில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பறக்க ஆரம்பித்த இரண்டாவது வருஷமே நான் ஒரு சி கிளாஸ் விங் வாங்கினேன் (இந்த எழுத்துக் கணக்கைப் பின்னால் சொல்கிறேன்), செகண்ட் ஹேண்ட், விலை சல்லிசு, பார்க்கவும் ஒல்லியாக நீளமாக அழகாக இருந்தது. பிர் ஊருக்கு மேலே உள்ள பில்லிங்கில் டேக் ஆஃப் சுமார் 2400 மீட்டர் உயரத்தில். மலையை ஒட்டி தரம்சாலா பக்கம் கிளம்பினோம். அரை மணி நேரம் ராஜா மாதிரி போனேன். அப்புறம் ஒரு தெர்மலின் (மேலே எழும் சூடான காற்றின்) ஓரத்தில் விங்கின் இடது பக்கம் படக்கென்று மடிந்தது, கால் மணி போல் தோன்றிய இரண்டு வினாடியில் தானாகவே திறந்தும் கொண்டது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு என் கை பிரேக்கை (விங்கின் பின் ஓரத்தை இழுக்கும் கைக்கயிற்றை) இளக்கவே இல்லை. எந்தத் தெர்மலிலும் உச்சி வரை சுற்ற மனசு வரவில்லை, விங் லேசாகக் குலுங்கினாலே போதும், விட்டுவிட்டு அடுத்ததைத் தேடிப் போனேன். ஒன்றரை மணி நேரத்தில் தோள்பட்டை கட்டையாகி ஒரு வயலில் இறங்கிவிட்டேன். கூட வந்த நண்பர் சாதாரண லோ பி விங்கில் (பி வகையில் சாதுவானது) பொழுது சாயும் வரை பறந்துவிட்டு, எங்கேயோ ஒரு டீக்கடையிலிருந்து போன் பண்ணி நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டார்.

ஊருக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் ஊர்க்காரன் கணக்குப் போடாமல் இருப்பானா? ஒரு லோ பி விங்கின் கிளைடு சுமார் 9 என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது காற்று அசையாத நேரத்தில் ஒரு மீட்டர் இறங்கினால் ஒன்பது மீட்டர் முன்னால் போகும். அதைவிட வேகமான விங்குக்கு ஒன்பதரை என்று தாராளமாகவே கொடுப்போம். ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து கிளம்பினால் வித்தியாசம் அரை கிலோமீட்டர். ஆனால் பயந்துபோய் ஒரு தெர்மலை 200 மீட்டர் முன்னாடியே விட்டுவிட்டால் போவது கிட்டத்தட்ட 1.8 கிலோமீட்டர்! ஒரே தெர்மலில்! வேகமான விங்குக்குக் கொடுத்த காசு எங்கே போயிற்று என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, இந்த ஏ, பி, சி, டி என்ன? ஐரோப்பியத் தரச் சோதனை, இஎன் 926 என்பார்கள். டெஸ்ட் பைலட்டுகள் விங்கை வேண்டுமென்றே மடித்து, ஸ்டால் பண்ணி (பிரேக்கை அளவுக்கு மேல் இழுத்துப் பறக்க முடியாமல் ஆக்கி), அது எப்படி மீள்கிறது என்று பார்த்து எழுத்துப் போடுகிறார்கள். ஏ என்றால் பைலட் செய்யும் தப்பை மிகவும் பொறுத்துக்கொள்ளும். பி-யும் பொறுக்கும், ஆனால் ஏ அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். சி-க்குப் போனால் முரட்டுக் காற்றிலும் நம் தப்பிலும் விங் சுறுசுறுப்பாகத் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கும். டி-யைப் பற்றி இந்த மடலில் பேசத் தேவையில்லை. பலர் கவனிக்காதது ஒன்று உண்டு: பல சோதனைகளில் எதில் மோசமான எழுத்து விழுகிறதோ அதுதான் விங்கின் எழுத்து. எல்லாவற்றிலும் ஏ வாங்கி ஒன்றில் மட்டும் பி வாங்கியதும் பி, பாதிக்கு மேல் பி வாங்கியதும் பி. லோ பி, ஹை பி (பி வகையில் துடிப்பானது) என்பதெல்லாம் நாம் பேச்சுக்கு வைத்துக்கொண்டது, சான்றிதழில் இருக்காது. அதனால் சோதனை அறிக்கையைப் பாருங்கள். ஜெர்மனியின் டிஎச்வி, சுவிட்சர்லாந்தின் ஏர் டர்காய்ஸ் இரண்டும் வெளியிடுகிறார்கள், உங்கள் சைஸுக்கு உரிய அறிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சைஸுக்குச் சைஸ் முடிவு மாறும். எங்கள் பேச்சை நம்புங்கள், அறிக்கையையும் படியுங்கள்.

சௌகரியமான விங் என்று நாங்கள் சொல்வது எது? தெர்மலுக்குள் நுழையும்போது தலைக்கு முன்னால் எகிறாமல், வெளியே வரும்போது பின்னால் சாயாமல் இருக்க வேண்டும். ஒரு கையில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தண்ணீர் குடிக்க முடிய வேண்டும் (சிரிக்காதீர்கள், மூன்றாவது மணி நேரத்தில் இதுதான் பரீட்சை). பிரேக்கும் நீளமாக இறங்க வேண்டும். பைலட்டும் சாமானும் சேர்ந்து 80 முதல் 100 கிலோ வரை தாங்கும் பி விங்கில், ஸ்டால் ஆவதற்கு முன் 60 செ.மீ.க்கு மேல் பிரேக் இழுக்க இடம் இருந்தாக வேண்டும் என்பது அந்த இஎன் சோதனையின் கணக்கு. பதற்றத்தில் கை தானாக இறங்கும்போது இந்த நீளம்தான் காப்பாற்றும். அட்வான்ஸ் எப்சிலான், ஓசோன் பஸ் மாதிரி வரிசைகளை நாங்கள் முதலில் எடுத்துக் காட்டுவது இதனால்தான். லாபம் எங்களுக்கு ஹை பி-யில்தான் அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து எடை. இதில்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். உங்கள் உடம்பின் எடை மட்டும் போதாது: விங், ஹார்னஸ் (நாம் உட்காரும் இருக்கை), ரிசர்வ் (ஆபத்துக்கான பாராசூட்), ஹெல்மெட், ஜாக்கெட், தண்ணீர் எல்லாம் சேர்த்து நிற்க வேண்டும். எழுபது கிலோ ஆள் மொத்தத்தில் எண்பத்தைந்தைத் தாண்டிவிடுவார். கடைக்கு வந்தால் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றி நிறுத்துவிடுவோம். கல்யாண விருந்து சாப்பிட்ட மறுநாள் மட்டும் வராதீர்கள். விங்கின் எடை வரம்பில் நடுவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் நல்லது. அடியில் இருந்தால் விங் சோம்பலாகவும் முரட்டுக் காற்றில் தொளதொளவென்றும் இருக்கும், உச்சியில் இருந்தால் எல்லாமே வேகமாக நடக்கும்.

ஹார்னஸைப் பற்றி ஒரே வார்த்தை. மார்பு வாரை எவ்வளவு அகலம் வைப்பது என்பது அறிக்கையிலேயே இருக்கிறது, அதன்படி வையுங்கள். காலை நீட்டிப் படுக்கும் பாட் ஹார்னஸை முதல் சீசனிலேயே வாங்காதீர்கள், விங் மடிந்து சுற்றும்போது கயிறு முறுக்கிக்கொள்ள அதில் வாய்ப்பு அதிகம்.

பழைய விங் வாங்குவதாக இருந்தால் காசு கொடுக்கும் முன் எங்களிடம் கொண்டு வாருங்கள். எங்கள் வீட்டுப் பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் தரை வழவழவென்று இருக்கும், அதில் விரித்தால் துணி எங்கும் மாட்டாது. முன் தெருவில் ஆரம்பித்துப் பின் தெருவில் முடிகிற வீடு என்பதால் கயிறுகளை முழு நீளத்துக்கு இழுத்துவிடலாம். ஒவ்வொரு கயிற்றையும் 5 கிலோ இழுவையில் அளப்போம். டைனீமா என்னும் இழையில் செய்த கயிறு நாள்பட்டால் சுருங்கும். முன்வரிசை பாரம் தாங்கி நீளமாகவே நிற்க, பாரம் குறைந்த பின்வரிசை மட்டும் ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் என்று குட்டையாகிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விங் பிரேக் பிடித்த மாதிரியே மெதுவாகப் பறக்கும், ஸ்டாலுக்குப் பக்கத்திலேயே நிற்கும். போன மாதம் ஒருவர் "புதுசு மாதிரி இருக்குண்ணே" என்று கொண்டு வந்தார். நிறம் புதுசுதான். துணியில் காற்று புகும் அளவைச் சோதித்தால் வெயிலில் நொந்து போயிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டார், விற்றவர் கோபித்துக்கொண்டாராம். கோபிக்கட்டும்.

இன்னொன்று, நம் பக்கம் மலை இல்லையே என்று ஐப்பசி வரை விங்கைப் பையிலேயே போட்டு வைக்காதீர்கள். தண்ணீர் வற்றிய கண்மாய்ப் பொட்டலில் காலை ஆறரைக்குப் போய்த் தரையில் நின்றே விங்கைத் தூக்கிப் பழகுங்கள். சீமைக்கருவேல முள்ளைப் பார்த்துச் சுத்தமான இடமாக விரியுங்கள். எட்டு மணிக்கு மேல் ஆடிக் காற்று உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும், மடித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

பிர் போகிறவர்கள் ஆவணிக்குள் விங்கைச் செக்கிங்குக்குக் கொடுத்துவிடுங்கள், நாலைந்து நாள் ஆகும். புரட்டாசியில் கூட்டம் தாங்காது. ரிசர்வையும் சேர்த்தே கொண்டு வாருங்கள், பிரித்துக் காற்றாடவிட்டு மறுபடி மடித்துத் தருகிறோம். கடைசியாக எப்போது மடித்தோம் என்று ஞாபகம் இல்லாதவர்கள் நாளைக்கே வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரன்
காரைக்குடி