மாடு வேலியைத் தாண்டுவதற்கு முன்பே சொல்லுங்கள்: சட்ட உதவி அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

சட்ட உதவி ஆணையங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், கால்நடைத் துறை, வேளாண் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நிலமும் ஆடுமாடும் வைத்திருப்பவர்கள் வக்கீலைத் தேடி வரும்போது கேட்கிற கேள்விகள் எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பக்கத்துக்காரர் மாடு என் பயிரை மேய்ந்துவிட்டது, பிடித்துக் கட்டலாமா? என் மாடு ராத்திரி ரோட்டில் போய் நின்றது, வண்டியில் வந்தவர் மோதி விழுந்துவிட்டார், நஷ்டஈடு நான்தான் கொடுக்க வேண்டுமா? வேலி போடுவது யார் செலவு? என் நிலத்துக்கு அடுத்தவர் நிலம் வழியாகத்தான் போக முடியும், திடீரென்று கேட்டைப் பூட்டிவிட்டார், என்ன செய்வது? இந்த நாலைந்து கேள்விக்கும் பதில் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கேட்டவருக்கு அது வந்து சேரும்போது, அந்தப் பதிலைப் பயன்படுத்த வேண்டிய கெடு பெரும்பாலும் முடிந்திருக்கிறது. இந்த மடலை எழுதுவதற்குக் காரணமே இதுதான்.

மேய்ந்த மாட்டையே எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் பாதி வயல் காலி, நடுவில் தெரிந்த மாடு ஒன்று நிற்கிறது. வயல்காரர் கோபத்தில் அதைப் பிடித்து வந்து தன் வீட்டுக் கொட்டகையில் கட்டிவிடுகிறார், நஷ்டத்தைக் கொடுத்தால்தான் அவிழ்ப்பேன் என்கிறார். மூன்று நாள் ஆகிறது. பால் மாடாக இருந்தால் கறக்காத மடி கல்லாக இறுகி, காம்பைத் தொட்டாலே காலை உதறுகிறது. யார் கறக்க வேண்டும், யார் தீவனம் போட வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. சரி, சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவின் 1871-ஆம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டப்படி பயிரை அழிக்கும் மாட்டை வயல்காரர் பிடிக்கலாம், அதில் தவறே இல்லை, ஆனால் 24 மணி நேரத்துக்குள் அதைக் கொண்டித்தொழுவத்துக்கு, அதாவது பிடிபட்ட மாடுகளை அடைத்து வைக்கும் பொதுப் பட்டிக்கு, அனுப்பிவிட வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1971-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டப்படி, வழிதவறி வந்த மாட்டைப் பிடித்து வைத்திருக்கலாம், ஆனால் 48 மணி நேரத்துக்குள் போலீசுக்கும், உரிமையாளர் யாரென்று தெரிந்தால் அவருக்கும் தகவல் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வைத்திருக்கும் உரிமையே போய்விடும். அது மட்டுமில்லை, வைத்திருக்கும்வரை தண்ணீரும் தீனியும் பிடித்தவர் பொறுப்பு, அதில் குறை வைத்து மாட்டுக்கு ஏதாவது ஆனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதல் நாள் காலையில் நியாயம் முழுக்க வயல்காரர் பக்கம் இருந்தது. மூன்றாம் நாள் அவரே சட்டத்தை மீறியவராக நிற்கிறார், ஒரு வரி அவருக்குத் தெரியாததால். மாட்டுக்காரர் கதையும் இப்படித்தான். மாட்டைப் பிடித்துப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடுங்கி இழுத்து வருவார், எந்த மாட்டுக்காரருக்கும் அது இயல்புதான். அதே 1871 சட்டத்தில் பிடிபட்ட மாட்டைப் பலவந்தமாக மீட்பது குற்றம், ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. அநியாயமாகப் பிடித்துவிட்டார்கள் என்றால் மாஜிஸ்திரேட்டிடம் புகார் செய்யும் வழியும் அதிலேயே இருக்கிறது, அதற்கு 10 நாள் கெடு. சண்டை போட்டு, பஞ்சாயத்து பேசி, உறவுக்காரர்களை அனுப்பிப் பார்த்து, கடைசியில் வக்கீலிடம் வருவதற்குள் அந்தப் பத்து நாள் ஓடிவிடும்.

வேலி விஷயத்தில் இன்னும் குழப்பம். ஆடுமாடு வைத்திருப்பவர்தான் அதை அடக்கி வைக்க வேண்டும் என்று நம்மில் பலர் பொதுவான நியாயமாக நினைத்திருக்கிறோம். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் சிலவற்றில் இது தலைகீழ்: மாடு உள்ளே வரக்கூடாது என்றால் நிலத்துக்காரர்தான் வேலி போட வேண்டும். டெக்சாசில் இதை ஒவ்வொரு கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி) ஓட்டுப் போட்டு மாற்றிக்கொள்ளலாம், அதனால் ஒரே மாநிலத்துக்குள் கவுண்டிக்குக் கவுண்டி விதி வேறு. ரோட்டுக்கு வந்த மாடு பற்றிய விதியும் இப்படி மாறியதுதான். இங்கிலாந்தில் ரோட்டோர நிலத்துக்காரர் மாடு வெளியே போகாமல் வேலி போட வேண்டிய கடமை பொதுவாக இல்லை என்று அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1947-இல் தீர்ப்பளித்தது. 1971 சட்டம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. ஆனால் அப்பா காலத்து விதியை நம்பிப் பழைய கம்பியைக் கட்டி ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் விதி மாறிவிட்டது என்று யார் போய்ச் சொன்னார்கள்? அரசிதழில் வந்ததா என்று கேட்காதீர்கள், அதைப் புரட்டிப் பார்க்க மாடு மேய்ப்பவருக்கு நேரமில்லை.

அப்புறம் வழி. இங்கே கெடு நாள்கணக்கில் இல்லை, வருஷக்கணக்கில் ஓடுகிறது, அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882-இன்படி, ஒருவர் இன்னொருவரின் தனியார் நிலம் வழியாக 20 வருஷம் வெளிப்படையாக, தடையில்லாமல், அனுமதி கேட்காமல் தன் உரிமை என்றே போய்வந்திருந்தால் அது அவருக்கு வழிப்பாத்தியமாகலாம். அடுத்தவரின் தனியார் நிலத்தையே அவர் அனுமதியில்லாமல், அவருக்கு எதிராக வெளிப்படையாகக் கைவசம் வைத்திருப்பவர் விஷயத்தில் 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி அந்தக் கெடு 12 வருஷம். நல்ல மனசோடு 'போய்க்கங்க' என்று விட்டவர் பின்னால் பயந்து கேட்டைப் பூட்டுகிறார், பூட்டியதும் தலைமுறைப் பகை ஆரம்பிக்கிறது. அனுமதி கொடுத்துத்தான் விட்டிருக்கிறேன் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் இருந்தால் அவர் பூட்டவே வேண்டியதில்லை, ஏனென்றால் அனுமதியின் பேரில் போய்வருவது எத்தனை வருஷமானாலும் இந்த வகையில் உரிமையாகாது. போகிறவருக்கும் நிம்மதி, இரண்டு நிலமும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பிரிந்தவை, வேறு வழியே இல்லை என்றால் அவருக்கு அவசிய வழி என்று தனியாக ஒரு உரிமையும் சட்டத்தில் இருக்கிறது. இதை ஏன் யாருமே முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதுதான் எனக்குத் தீராத ஆதங்கம்.

சாண நாற்றம், ஈ, சத்தம் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் போடும் கேஸ்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன, அதைப் பற்றி ஒன்று மட்டும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் முதலில் மாட்டுப் பண்ணை வந்தது, பிறகு வீட்டுமனைகள் அதன் பக்கமாக வளர்ந்து வந்தன, மனை போட்ட நிறுவனமே பண்ணையை மூடச் சொல்லி வழக்குப் போட்டது. 1972-இல் மாநில உச்ச நீதிமன்றம் பண்ணை போகத்தான் வேண்டும், ஆனால் இடம் மாறும் செலவை அந்த நிறுவனம் தர வேண்டும் என்றது. முன்பே இருந்தேன் என்பது மட்டும் போதாது, ஆனால் அது வீணும் இல்லை. என்றைக்கு ஆரம்பித்தோம், எத்தனை மாடு இருந்தது என்பதற்கான தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கும்படி மாடு வளர்ப்பவர்களிடம் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. உங்கள் அதிகார எல்லைக்குள் பொருந்துகிற பதில்களை மட்டும் ஒரே ஒரு தாளில், அங்கே பேசுகிற மொழியில் போடுங்கள். மாட்டைப் பிடித்தால் எத்தனை மணி நேரத்துக்குள் யாரிடம் சொல்ல வேண்டும், என் மாட்டைப் பிடித்தால் நான் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது, புகாருக்குக் கடைசி நாள் எது. இரண்டு தரப்புக்கும் அதே தாள். அதைக் கோர்ட் வளாகத்தில் ஒட்டிப் பிரயோஜனமில்லை, அங்கே வருபவர் ஏற்கெனவே சண்டையோடுதான் வருகிறார். கால்நடை மருத்துவமனையில், பால் ஊற்றுகிற இடத்தில், தடுப்பூசி போட வரும்போது கையில் கொடுங்கள்.

கூடவே மேய்ச்சல் குத்தகைக்கு ஒரு மாதிரிப் படிவமும் வேண்டும். வாய்ப்பேச்சில் விட்ட குத்தகைதான் பிறகு பெரிய வழக்காகிறது. வேலி அறுந்தால் யார் கட்டுவது, தண்ணீர் யார் விடுவது, எத்தனை உருப்படி வரை விடலாம், மாடு ரோட்டுக்குப் போய் விபத்தானால் யார் பொறுப்பு, எந்த நாளில் குத்தகை முடிகிறது, முடிந்த மறுநாள் மாடு உள்ளே நின்றால் என்ன செய்வது. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். கோடிட்ட இடத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிற மாதிரி இருக்கட்டும். சட்ட மாற்றம் வந்தால் தாளையும் அன்றே மாற்றி, மேலே தேதி போடுங்கள், பழைய தாளை நம்பி ஒருவர் ஏமாந்துவிடக் கூடாது.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அந்தத் தாளை மாடு வளர்க்கிற ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். எந்த வரியில் அவர் நிறுத்தி 'அப்படின்னா?' என்று கேட்கிறாரோ, அந்த வரியைத் திரும்ப எழுதுங்கள்.