பெயர் போடாமல் ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

இந்த மாதத்தோடு குழந்தைகள் பாதுகாப்பு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். பிரிவு உபசார விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்த வேண்டிய தோள்கள் நிறைய வெளியே இருந்தன. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

ஆனால் யார் பெயரையும் எழுத முடியாது. பிள்ளைகளின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. தகவல் சொன்னவர்களைக் காட்டிக்கொடுப்பதில்லை என்பது நாங்கள் கொடுத்த வாக்கு. படிக்கிறவர்கள் "அட, இது நான்தான்" என்று தாங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் வணக்கம் சேலம் ஜங்ஷன் போர்ட்டர் அண்ணனுக்கு. தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸ் நின்றபோது தண்ணீர் பிடிக்க இறங்கிய பையன்களைப் பார்த்தீர்கள். எல்லார் காலிலும் ஒரே மாதிரி புதுச் செருப்பு. டிக்கெட் மொத்தமும் ஒரே ஆளின் சட்டைப் பையில். எந்த ஊர் என்று கேட்டால் அந்த ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பையன் வாயைத் திறக்கிறான். பிள்ளைகளை வேலைக்குக் கடத்துகிறார்களோ என்று சந்தேகப்பட்டு, உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு போன் போட்டீர்கள். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்ததைவிட அந்தச் செருப்பு எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

அப்புறம் பாஷைப் பிரச்சினை. இந்தி தெரிந்தவரைக் கூட்டி வந்தோம், பையன்கள் பேசியதோ சந்தாலி. ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் ஜார்க்கண்ட் தம்பி ஒருவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் பேச ஆரம்பித்த பிறகுதான் ஒருவன் அழவே செய்தான். ஆதார் அட்டைகளில் எல்லாருக்கும் ஜனவரி 1 பிறந்தநாள், எல்லாருக்கும் பதினெட்டு முடிந்திருந்தது! வயதைத் தீர்மானிக்கப் பள்ளிச் சான்றைத்தான் சட்டம் முதலில் கேட்கிறது. எலும்புப் பரிசோதனையெல்லாம் வேறு சான்று கிடைக்காதபோதுதான். பையன்களின் ஊர்த் தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டின் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பிள்ளைகளைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தியாக வேண்டும். நள்ளிரவில் வீட்டுக் கதவைத் திறந்து, எங்களை உட்காரச் சொல்லும் முன் பையன்களுக்குத் தோசை ஊற்றிய குழு உறுப்பினர் அம்மாவுக்கும் என் நன்றி.

குழந்தைத் திருமணத் தகவல்கள் பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள்தான் வரும். அழைப்பிதழ் அடிக்கும் அச்சகக்காரர், சீரியல் பல்பு கட்டுகிறவர், சில நேரம் மணப்பெண்ணின் வகுப்புத் தோழியே. "அக்கா, அவ நாளைக்குப் பரீட்சைக்கு வரமாட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்த குரல் இன்னும் காதில் இருக்கிறது. பாப்பா, அவள் பரீட்சை எழுதினாள். மண்டபத்தில் நம்மைச் சுற்றி ஐம்பது பேர் கத்தும்போது, சத்தமே போடாமல் பெண்ணின் அம்மாவைத் தனியே அழைத்துப் பேசி முடித்த மகளிர் ஊர்நல அலுவலர்களே, உங்கள் பொறுமை எனக்குக் கடைசி வரை வரவில்லை.

வழக்கில் சிக்கிய சிறுவர்களைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு வாராவாரம் கேரம் ஆட வந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியரை எப்படி விடுவது? அங்கே வருகிற எல்லாரும், நான் உட்பட, பையனிடம் முதலில் கேட்பது "என்ன கேஸ்?" என்பதுதான். சார் பலகையைத் துடைத்து, பவுடர் தூவி, "பிரேக் யாருப்பா?" என்பார். அவ்வளவுதான். பத்து ஆட்டம் போன பிறகு பையன்கள் தாங்களாகவே பேசுவார்கள், ஸ்டிரைக்கரைப் பார்த்தபடியே. அறிவுரை சொல்ல வருகிற பிரமுகர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டிருந்தோம். அதையும் சாருக்கே கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. வெளியே வந்த பையனை ஐடிஐ விண்ணப்பத்துக்கு, சாதிச் சான்றுக்கு, வங்கிக் கணக்குக்கு என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அலைந்ததும் அவர்தான்.

படிப்பு முடித்து வேலைக்குப் போகும்போது "பழைய கேஸ் தெரிஞ்சா?" என்று அந்தப் பையன் நடுங்கினான். சிறார் வழக்கில் குற்றம் நிரூபணமானாலும் அதனால் எந்தத் தகுதியிழப்பும் கிடையாது, பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்ட வழக்குகள்தான் இதற்கு விலக்கு என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவைத் தமிழில் எழுதி, அவன் பர்ஸில் மடித்து வைத்துக்கொடுத்த இலவச சட்ட உதவி வழக்கறிஞர் தங்கைக்கு நன்றி. "இந்த மாதிரிப் பையனையெல்லாம் சேர்க்க முடியாது" என்று திருப்பி அனுப்பிய பள்ளிகளும் உண்டு. அவற்றின் பெயரும் எழுதவில்லை. சரி, விடுங்கள்.

வீட்டில் என் மகளின் பழைய உடுப்புகள் எந்தெந்தப் பிள்ளைகளுக்குப் போயின என்று அவளுக்கே தெரியாது. கேட்டதும் இல்லை. நல்ல பிள்ளை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என் கைப்பேசி எண் பலரிடம் இருக்கிறது. இனி அதில் கூப்பிட்டால் நான் தூங்கிக்கொண்டிருக்கலாம். பகலோ இரவோ, 1098க்கு அடியுங்கள். காசு கிடையாது. உங்கள் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால், பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், போதும்.

அன்புடன்,
உங்கள் அக்கா
சேலம்